டிவி அலமாரிக்குள் சூடு ஏறினால் தானாக ஓடும் ஃபேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவிக்குக் கீழே கதவு போட்ட அலமாரி. அதற்குள் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், சில வீடுகளில் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். கத்திரி வெயில் நாளில் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். உள்ளே சூடு ஏறும்போது மட்டும் ஓடி, தணிந்ததும் நின்றுவிடும் ஒரு 12 வோல்ட் ஃபேனை ஒரு நாள் மாலையில் செய்து முடித்துவிடலாம். செய்ய இறங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதற்கான பதில்கள் இங்கே. உங்களிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் அயர்ன் பிடித்துக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஃபேனை எப்போதும் ஓடவிட்டால் என்ன? கரன்ட் மிச்சம் பிடிக்கவா இவ்வளவு வேலை?

கரன்ட்டுக்காக என்றால் வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டரில் போடும் சின்ன ஃபேன் 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் எடுக்கும், அதாவது 1.8 வாட். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு 1.3 யூனிட்தான். பில்லில் தெரியாது.

தொல்லை தூசியும் சத்தமும்தான். ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் ஃபேன் வெளித் தூசியை அலமாரிக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். ரோட்டோர வீடு என்றால் ஆறு மாதத்தில் ரவுட்டர் மேல் கம்பளி விரித்த மாதிரி படிந்துவிடும். தூசி படிந்த பொருள் இன்னும் சூடாகும். இரவு பதினொரு மணிக்கு எல்லாம் அணைந்த பிறகு ஹாலில் அந்த ஒற்றை ஃபேனின் உறுமல் கேட்பதும் எரிச்சல். மலிவான ஃபேன்களில் இருக்கும் ஸ்லீவ் பேரிங் எண்ணெய் வற்றி இரைய ஆரம்பிப்பதும் ஓடும் நேரத்தைப் பொறுத்ததுதான். தேவைப்படும்போது மட்டும் ஓடினால் மூன்றுமே குறையும்.

இதையெல்லாம் ரெடிமேடாக விற்கிறார்களே, வாங்கிப் போட்டால் போதாதா?

போதும். வேலை முடிந்தால் சரி என்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது, கேஎஸ்டி9700 மாதிரியான தெர்மல் ஸ்விட்ச். உள்ளே ஈருலோகத் தகடு. குறிப்பிட்ட சூட்டில் வளைந்து தொடர்பைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். 45 டிகிரி என்று எழுதிய ‘நார்மலி ஓப்பன்’ வகையை, அதாவது குளிரில் பிரிந்திருந்து சூட்டில் சேர்வதை, கேட்டு வாங்கி, ஃபேனின் ஒரு வயரில் தொடராக இணைத்தால் வேலை முடிந்தது. ஐசி வேண்டாம், போர்டு வேண்டாம். கேட்காமல் வாங்கினால் ‘நார்மலி குளோஸ்டு’ கையில் வந்துவிடும். அது மோட்டார் சூடானால் அணைப்பதற்கானது, உங்களுக்கு நேர் எதிர். இதில் ஒரு குறை உண்டு. 45-ல் சேர்ந்த ஸ்விட்ச் மறுபடி பிரிய வழக்கமாக 10 முதல் 15 டிகிரி இறங்க வேண்டும். அறையே 35 டிகிரியில் இருக்கும் மே மாதத்தில் அலமாரி எப்படி 32-க்கு இறங்கும்? ஃபேன் நிற்கவே நிற்காது. மார்கழியில் அருமையாக வேலை செய்யும்.

இரண்டாவது, டபிள்யூ1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு. எண் காட்டும் டிஸ்ப்ளே, ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்), வயரோடு சென்சார் எல்லாம் அதிலேயே இருக்கும். 12 வோல்ட்டில் ஓடும். வாங்கியதும் பி0 அமைப்பு ‘சி’யில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஹெச்’ என்பது சூடாக்குவதற்கான முறை, குளிர்ந்தால்தான் ரிலேயைப் போடும். பி1 என்பது ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான இடைவெளி. நல்ல பொருள்தான். ரிலேயின் ‘டிக்’ சத்தம் மட்டும் ராத்திரியில் காதில் விழும்.

நீங்களே செய்தால் ரிலே இல்லாமல், சத்தமில்லாமல் செய்யலாம். பழுதானால் எது பழுது என்று தெரியும். இதற்கு மேல் பெரிய நியாயம் சொல்ல மாட்டேன்.

என்னென்ன வாங்க வேண்டும்?

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் ஒரே கடையில் முடியும். மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக்குகள் உதிரி வாங்கும் கடையைக் கேளுங்கள்.

எல்எம்358 ஐசி ஒன்று, எட்டுக் கால் சாக்கெட்டோடு. 25 டிகிரியில் 10கே ஓம் இருக்கும் என்டிசி தெர்மிஸ்டர் ஒன்று. பீட்டா மதிப்பு 3950 என்று கேளுங்கள். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் ஒன்று, ஃபேனைப் போட்டு அணைக்கும் மின்னணு ஸ்விட்ச் இதுதான். 10கே பிரீசெட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்று, 103 என்று அச்சடித்திருக்கும். பல சுற்று சுற்றும் நீள வகை கிடைத்தால் உத்தமம். கால் வாட் ரெசிஸ்டர்களில் 10கே மூன்று, 100கே ஒன்று, 4.7கே ஒன்று, 2.2கே ஒன்று, 220 ஓம் ஒன்று. 2 வாட் ரெசிஸ்டரில் 47 ஓம் ஒன்று. இது எதற்கு என்று பின்னால் வருகிறது. 1என்4007 டயோடு, எல்இடி ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், 25 வோல்ட் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், டாட் போர்டு (துளைகளைச் சுற்றிச் செம்புப் புள்ளிகள் இருக்கும் சால்டர் போர்டு), 12 வோல்ட் ஃபேன், 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர்.

மாஸ்ஃபெட்டைப் பார்த்து, 49 ஆம்பியர் தாங்குவதை 0.15 ஆம்பியர் ஃபேனுக்கா போடுவது என்று கடைக்காரரே கேட்பார். சும்மா கிடக்கட்டும். ஹீட் சிங்க் இல்லாமல் விரலால் தொட்டாலும் குளிர்ச்சியாக இருக்கும். அந்த நிம்மதிக்கு அது மலிவு. பிசி547 டிரான்சிஸ்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் எல்லையே 100 மில்லிஆம்பியர், பெரும்பாலான ஃபேன்கள் அதைத் தாண்டும்.

சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது?

என்டிசி தெர்மிஸ்டர் சூடாக ஆக அதன் தடை குறையும். 25 டிகிரியில் 10கே, 30-ல் 8கே, 35-ல் 6.5கே, 40-ல் 5.3கே, 45-ல் 4.35கே, 50-ல் 3.6கே. இதையும் ஒரு 10கே ரெசிஸ்டரையும் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடராகப் போட்டால், நடுவில் கிடைக்கும் வோல்டேஜ் சூட்டோடு சேர்ந்து ஏறும். டிகிரிக்கு ஏறக்குறைய 0.11 வோல்ட். பிரீசெட்டிலிருந்து இன்னொரு வோல்டேஜ் வருகிறது. அது நீங்கள் திருகி வைத்த இடத்திலேயே நிற்கும். எல்எம்358 இரண்டையும் ஒப்பிடுகிறது. தெர்மிஸ்டர் பக்கம் மேலே போனதும் அதன் வெளியீடு ஏறக்குறைய சுழியத்திலிருந்து 10.5 வோல்ட்டுக்குத் தாவும், மாஸ்ஃபெட் திறக்கும், ஃபேன் ஓடும்.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் ஒரே 12 வோல்ட்டிலிருந்து பிரிவதுதான். அடாப்டர் 11.6 கொடுத்தாலும் 12.4 கொடுத்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும். ஃபேன் ஓடத் தொடங்கும் டிகிரி அனேகமாக மாறாது. தனியாக வோல்டேஜ் ரெகுலேட்டர் தேவையில்லை.

எதை எங்கே இணைப்பது?

ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் மூலை 1ஆம் கால். இடப்பக்கம் கீழிறங்கி 4, வலப்பக்கம் கீழிருந்து மேலேறி 8.

8ஆம் கால் 12 வோல்ட்டுக்கு, 4ஆம் கால் கிரவுண்டுக்கு. இந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே, ஐசியை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட். தெர்மிஸ்டரின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை 3ஆம் காலில். 3ஆம் காலிலிருந்து 10கே கிரவுண்டுக்கு. அடுத்து 12 வோல்ட்டிலிருந்து 4.7கே, அதன் பின் பிரீசெட்டின் ஒரு ஓரக் கால், மறு ஓரக் காலிலிருந்து இன்னொரு 10கே கிரவுண்டுக்கு. பிரீசெட்டின் நடுக்கால் ஐசியின் 2ஆம் காலுக்கு. இப்படி மேலும் கீழும் ரெசிஸ்டர் போடுவதால் பிரீசெட்டின் முழு நீளமும் 17-லிருந்து 62 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. நேராக 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் போட்டால், வேண்டிய டிகிரி ஒரு மயிரிழைத் திருகலில் தவறிப்போகும்.

1ஆம் காலிலிருந்து 100கே, 3ஆம் காலுக்கு. அதே 1ஆம் காலிலிருந்து 220 ஓம் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட்டிலிருந்து 10கே கிரவுண்டுக்கு. எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் மாஸ்ஃபெட்டின் கால்கள் இடமிருந்து கேட், டிரெய்ன், சோர்ஸ். சோர்ஸ் கிரவுண்டுக்கு. ஃபேனின் சிவப்பு 12 வோல்ட்டுக்கு, கறுப்பு டிரெய்னுக்கு. ஃபேனுக்குக் குறுக்கே 1என்4007, வெள்ளிக் கோடு சிவப்புப் பக்கம். 100 மைக்ரோஃபாரட்டை ஃபேனுக்குப் போகும் 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள், கோடு போட்ட கால் கிரவுண்டில். எல்இடி வேண்டுமென்றால் 1ஆம் காலிலிருந்து 2.2கே வழியாகக் கிரவுண்டுக்கு.

ஐசியில் இன்னொரு பாதி சும்மா இருக்கிறது. 5ஆம் காலைக் கிரவுண்டிலும், 6-ஐ 7-லும் கட்டிவிடுங்கள். தொங்கவிட்டால் அது பாட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும்.

வீட்டில் 741 ஐசியும் எல்எம்35 சென்சாரும் கிடக்கின்றன. அவற்றைப் போடலாமா?

741 வேண்டாம். கல்லூரி லேபில் எல்லோரும் தொட்ட ஐசி என்பதால் எல்லார் டப்பாவிலும் ஒன்று இருக்கும். ஆனால் அது ப்ளஸ், மைனஸ் இரண்டு சப்ளைக்குப் பிறந்தது. 12 வோல்ட் ஒற்றை சப்ளையில் அதன் வெளியீடு சுழியத்துக்கு இறங்காது. ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே நின்றுவிடும். டிரான்சிஸ்டர் போட்டிருந்தால் அது அணையவே அணையாது.

எல்எம்35 நல்ல சென்சார், டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்று துல்லியமாகத் தரும். டிஜிட்டல் டிஸ்ப்ளேயில் டிகிரி காட்ட வேண்டுமானால் அதுதான் வசதி. இங்கே நமக்கு ஒப்பிடத்தான் வேண்டும். 45 டிகிரியில் அது தருவது 0.45 வோல்ட்; என்டிசி டிகிரிக்கு அதைப்போல் பத்து மடங்கு நகர்கிறது. நீண்ட வயரில் வரும் இரைச்சலை அந்தப் பத்து மடங்கு விழுங்கிவிடும். அதோடு எல்எம்35-ஐத் தலைகீழாக இணைத்தால் விரல் சுடும் அளவு கொதிக்கும். என்டிசிக்குத் தலைகால் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் போடலாம்.

அந்த 100கே ரெசிஸ்டர் எதற்கு? எடுத்துவிட்டாலும் ஓடுகிறதே.

ஓடும். ஆனால் எல்லைக் கோட்டில் நிற்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 42 டிகிரி ஆனதும் ஃபேன் ஓடும். கால் டிகிரி தணிந்ததும் நிற்கும். நின்ற கணமே மறுபடி ஏறும். ஃபேன் ‘உர்… உர்…’ என்று விட்டு விட்டு உதறிக்கொண்டே இருக்கும். அந்த இழுபறியில் மாஸ்ஃபெட் பாதி திறந்து பாதி மூடிக் கிடப்பதால் சூடும் ஆகும்.

100கே வெளியீட்டை எடுத்துக்கொண்டு போய் உள்ளீட்டிலேயே கொஞ்சம் கலக்கிறது. ஃபேன் ஓடத் தொடங்கியதும் 3ஆம் காலின் வோல்டேஜைக் கூடுதலாக 0.35 வோல்ட் தூக்கிவிடுகிறது. அதனால் நிற்க வேண்டுமானால் சூடு சுமார் 3 டிகிரி இறங்கியாக வேண்டும். 42-ல் ஓடி 39-ல் நிற்கும். 220கே போட்டால் இடைவெளி ஒன்றரை டிகிரியாகச் சுருங்கும். 47கே போட்டால் ஆறரை டிகிரியாக விரியும். மூடின அலமாரிக்கு மூன்று டிகிரி சரி. நிறைய ஓட்டமும் நிறுத்தமும் பிடிக்காதவர்கள் 68கே போட்டுப் பார்க்கலாம்.

பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 100கே. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10கே. டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி. மீட்டர் வைத்துப் பார்த்தே போடுங்கள். இந்த இடத்தில் 10கே விழுந்துவிட்டால் ஃபேன் ஒருமுறை ஓட ஆரம்பித்த பின் பிளக்கைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

எத்தனை டிகிரியில் ஓட வைப்பது?

பலர் 35 என்று வைத்துவிட்டு ஃபேன் நிற்கவில்லை என்பார்கள். ஃபேன் ஏசி இல்லை. அறைக் காற்றை உள்ளே இழுத்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவே; அறைச் சூட்டுக்குக் கீழே அதனால் ஒரு டிகிரியும் இறக்க முடியாது. கோடையில் உங்கள் ஹால் பிற்பகலில் 34, 35 தொடுமானால், ஃபேன் ஓடும் புள்ளி அதற்கு மேல் குறைந்தது ஏழெட்டு டிகிரி இருக்க வேண்டும். 42 நல்ல தொடக்கம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் 35 வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் சுற்றுச்சூடு 40 டிகிரி வரை என்றுதான் குறிப்பிடப்பட்டிருக்கும், அடியில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ பார்க்கலாம். அதனால் 45-க்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

சரியாக 42-ல் வைக்க லேப் தெர்மாமீட்டர் வேண்டுமா?

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். வழக்கமாக 32 முதல் 42 வரை காட்டும், நமக்கு வேண்டிய இடத்தில் நல்ல துல்லியம். ஃபாரன்ஹீட்டில் காட்டும் வகை என்றால் 40 டிகிரிக்கு 104 என்று பாருங்கள்.

ஒரு டம்ளரில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தெர்மிஸ்டரின் கால்களில் ஸ்லீவ் போட்டு, அதைச் சின்ன பாலித்தீன் உறையில் வைத்து, உறையின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி இறக்கிப் பிடியுங்கள். உறைக்குள் காற்று இல்லாமல் அழுத்திவிடுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். பிரீசெட்டை ஃபேன் ஓடாத பக்கத்துக் கோடிவரை முன்பே திருகி வைத்திருக்க வேண்டும். இப்போது மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் எல்இடி எரிந்து ஃபேன் கிளம்பும். அதுதான் உங்கள் 40. இதிலிருந்து 42-க்குப் போக, 2ஆம் காலின் வோல்டேஜை மீட்டரில் பார்த்துக்கொண்டே 0.2 வோல்ட் கூட்டுங்கள்.

காய்ச்சல் தெர்மாமீட்டரில் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது தொட்ட உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஆறுவதை அது காட்டாது. ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தெர்மாமீட்டரே இல்லையா? அடாப்டர் சரியாக 12 வோல்ட் கொடுத்தால், 42 டிகிரிக்கு 2ஆம் காலில் சுமார் 7.8 வோல்ட் வையுங்கள். ஓரிரு டிகிரி முன்னே பின்னே இருக்கும், அலமாரிக்கு அது போதும்.

ஃபேனில் மூன்று வயர், நான்கு வயர் இருக்கிறதே, எதை இணைப்பது?

இரண்டு வயர் என்றால் சிவப்பு ப்ளஸ், கறுப்பு மைனஸ். மூன்று வயர் ஃபேனில் வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் அப்படியே. மஞ்சள் என்பது வேகம் சொல்லும் வயர், டேப் சுற்றி விட்டுவிடுங்கள். நான்கு வயர் ஃபேனில்தான் வம்பு. அதில் பரவலான நிற முறைப்படி கறுப்பு கிரவுண்டு, மஞ்சள்தான் 12 வோல்ட், பச்சை வேகம் சொல்வது, நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மூன்று வயரில் தொடக் கூடாத அதே மஞ்சள் இங்கே ப்ளஸ். சில கம்பெனிகள் நான்கையும் கறுப்பிலேயே விடுவார்கள். அப்போது கனெக்டரில் கால் வரிசையைப் பார்க்க வேண்டியதுதான். நீலத்தை எதிலும் கட்டாமல் விட்டால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், நமக்கு அது போதும்.

எவ்வளவு பெரிய ஃபேன்? எங்கே பொருத்துவது?

அலமாரிக்குள் மொத்தம் 40 வாட் சூடு வெளியாகிறது என்று வையுங்கள். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் கூடி வெளியேற வேண்டுமானால் நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று போதும், ஃபேன் கணக்கில் 7 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). ஒரு சாதாரண 80 மில்லிமீட்டர் ஃபேன் திறந்த வெளியில் 25 சிஎஃப்எம்முக்குக் குறையாமல் தள்ளும். கதவு, வயர், வலை எல்லாம் மறித்துப் பாதி போனாலும் மிச்சம் இருக்கிறது. 120 மில்லிமீட்டர் வாங்கலாம். அதிகக் காற்றுக்காக இல்லை, மெதுவாகச் சுற்றிச் சத்தமில்லாமல் அதே காற்றைத் தரும் என்பதற்காக.

சூடான காற்று மேலே போகும், ஆகவே ஃபேன் பின்பலகையின் மேல்பகுதியில், காற்றை வெளியே தள்ளும்படி. ஸ்டிக்கர் ஒட்டிய, குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கமே காற்று வெளியேறும் பக்கம். கீழே, எதிர்ப்பக்கம், ஃபேனின் அளவுக்காவது ஒரு வழி விடுங்கள். இதை மறந்தவர்கள்தான் அதிகம். உள்ளே வர வழியில்லாமல் வெளியே மட்டும் தள்ளச் சொன்னால் ஃபேன் சுற்றும், காற்று அசையாது.

சென்சாரைக் கீழே, காற்று நுழையும் வழியில் வைக்கக் கூடாது; அது அறைச் சூட்டையே அளந்துகொண்டு எல்லாம் நலம் என்று சொல்லும். ரவுட்டரின் உடம்பில் ஒட்டுவதும் சரியில்லை. ரவுட்டருக்கு மேலே நாலு விரல் தள்ளி, காற்றில் தொங்கும்படி ஒரு கிளிப்பில் மாட்டுங்கள். வயர் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் போகலாம். இரண்டு வயரையும் முறுக்கி எடுத்துச் செல்லுங்கள்.

சென்சார் வயர் அறுந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அறுந்த வயர் என்பது எல்லையற்ற தடை. சர்க்யூட்டுக்கு அது கடுங்குளிர் மாதிரி தெரியும். ஃபேன் ஓடவே ஓடாது, உள்ளே அனல் ஏறிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. எலி கடித்தாலும், அலமாரியைத் துடைக்கும்போது இழுபட்டாலும் இதுதான் கதி.

அதற்குத்தான் அந்த 47 ஓம் 2 வாட் ரெசிஸ்டர். அதை மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே போடுங்கள். இப்போது மாஸ்ஃபெட் மூடியிருந்தாலும் ஃபேனுக்கு 47 ஓம் வழியாகச் சுமார் 7 வோல்ட் கிடைக்கும். கேட்டும் கேட்காமலும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் மாஸ்ஃபெட் ரெசிஸ்டரை ஓரங்கட்டி முழு 12 வோல்ட் கொடுக்கும். ஒரே ஒரு ரெசிஸ்டரில் இரண்டு வேகம் கிடைத்தது, சென்சார் செத்தாலும் காற்றோட்டம் நிற்காது. முதல் பதிலில் சொன்ன தூசிக் கணக்கு இதில் கொஞ்சம் அடிபடுகிறது என்பது உண்மை. ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கும் அலமாரிக்கு நான் தூசியைப் பொறுத்துக்கொள்வேன். ரவுட்டரும் செட்டாப் பாக்ஸும் மட்டும் என்றால் இந்த ரெசிஸ்டரை விட்டுவிடலாம்.

போட்ட பின், பிளக்கைச் செருகியதும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா பாருங்கள். சில ஃபேன்கள் 7 வோல்ட்டில் அசையாமல் முனகும். அப்படியானால் 33 ஓம் போடுங்கள். ரெசிஸ்டர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. போர்டை விட்டுச் சற்றுத் தூக்கிப் பற்றவையுங்கள்.

எல்லாம் இணைத்தாயிற்று, வேலை செய்யவில்லை. எங்கே பார்ப்பது?

மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து 3, 2, 1 கால்களை வரிசையாகப் பாருங்கள். 30 டிகிரி அறையில் 3ஆம் காலில் 6.4 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். தெர்மிஸ்டரை இரு விரலால் அழுத்திப் பிடித்தால் அது மெல்ல ஏற வேண்டும். இறங்கினால் தெர்மிஸ்டரும் 10கேயும் இடம் மாறியிருக்கின்றன; குளிரில் ஓடிச் சூட்டில் நிற்கும் ஃபேன் உங்களிடம் இருக்கிறது.

3ஆம் கால் 2-ஐவிட மேலே இருந்தும் 1ஆம் காலில் 10 வோல்ட் வரவில்லை என்றால் ஐசியோ அதன் சப்ளையோ. சால்டர் இல்லாமல் செருகியே செய்யும் பிரெட்போர்டில் செய்கிறீர்களா? நீளப் போர்டுகளில் ஓரத்து சப்ளை வரிசை சிலவற்றில் நடுவில் துண்டாகியிருக்கும், ஒரு துண்டு வயர் போட்டு இணைக்க வேண்டும்.

1ஆம் கால் சரியாக மாறுகிறது, ஆனால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் மாஸ்ஃபெட்டின் டிரெய்னும் சோர்ஸும் இடம் மாறியிருக்கும். அதற்குள் ஒரு டயோடு பிறவியிலேயே உண்டு. மாற்றி இணைத்தால் கேட்டில் என்ன கொடுத்தாலும் அந்த டயோடு வழியாகக் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் அடாப்டரின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் 1என்4007 தலைகீழ். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். மாஸ்ஃபெட்டின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு டிரெய்னோடு இணைந்தது, அது வேறெந்த உலோகத்திலும் படக் கூடாது.

ஆர்டுயினோ வைத்து வேகத்தைப் படிப்படியாகக் கூட்டலாமே?

தாராளமாக. புரோகிராம் எழுதி ஓட்டும் அந்தச் சின்ன போர்டில் அது முடியும். ஆனால் ஆர்டுயினோ ஊனோ தருவது 5 வோல்ட். ஐஆர்எஃப்இசட்44என் அதில் முழுதாகத் திறக்கும் என்று நம்ப முடியாது. ஐஆர்எல்இசட்44என் என்ற, 5 வோல்ட்டுக்கே திறக்கும் வகையைப் போடுங்கள். வேகம் குறைக்க நான்கு வயர் ஃபேனின் நீல வயருக்கு 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு கொடுப்பதே நேர்த்தியான வழி. ஓடு, நில் என்ற இரண்டே வேலைக்கு ஆர்டுயினோ போடுவது எனக்கு ஒப்பாது.

இதே சர்க்யூட்டில் சீலிங் ஃபேனையோ சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையோ ஓட்டலாமா?

இதே மாஸ்ஃபெட்டில் முடியாது. அவை 230 வோல்ட் ஏசி. ஃபேனின் இடத்தில் ஒரு 12 வோல்ட் ரிலேயைப் போட்டு அதன் தொடர்பு வழியாக எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டுவது கோட்பாட்டில் எளிது. நடைமுறையில் டாட் போர்டில் 230 வோல்ட்டைக் கொண்டுவருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்தப் புள்ளிகளுக்கு இடையே இரண்டரை மில்லிமீட்டர்கூட இடைவெளி தேறாது. எண்ணெய்ப் புகையும் ஈரமும் படிந்த சமையலறையில் அது போதவே போதாது. 230 வோல்ட்டுக்கென்றே மூடிய பெட்டியில் வரும் தெர்மோஸ்டாட்டை வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கும் பெட்டிக்கும் இதைப் போடலாமா?

இன்வெர்ட்டருக்குப் போடலாம், தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு வேண்டாம். அந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். அது வெளியேறச் சூடு ஏறும் வரை காத்திருக்கக் கூடாது. பேட்டரியை மூடின பெட்டியில் வைக்காமல், மேலும் கீழும் எப்போதும் திறந்த காற்று வழி விடுங்கள்.

பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் போதுமா? ரவுட்டரின் அடாப்டரிலிருந்தே பிரித்துக்கொள்ளலாமா?

பழைய அடாப்டர் 12 வோல்ட் டிசி என்று எழுதியிருந்து அரை ஆம்பியருக்கு மேல் இருந்தால் போதும். பிளக்கின் நடு முனை ப்ளஸ்தானா என்று மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரவுட்டரின் அடாப்டரில் கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் ரவுட்டரின் தேவைக்குச் சற்று மேலாக மட்டுமே தரப்பட்டிருக்கும். ஃபேன் கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து ரவுட்டர் அணைந்து எழும். வீட்டில் ஆன்லைன் மீட்டிங் நடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அது நடக்கும்.